மகள் கையெழுத்துக் கேட்ட நவம்பர்

1

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் முதலில் ஒரு பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பூ இல்லை. பிளாஸ்டிக்கில் செய்து, மேலே வெல்வெட் மாதிரிச் சிவப்புப் பூசி, நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த பூ. பொப்பி என்பது அதன் பெயர். ஒக்ரோபர் முடிகிற நேரத்தில் மொன்றியல் மரங்களில் இலை ஒன்றும் மிஞ்சாது. அந்த நாட்களில் ஆட்களுடைய கோட்டில், இடப்பக்கம், நெஞ்சுக்கு மேலே இந்தப் பூ வந்து இருக்கும். நவம்பர் பதினோராம் திகதி வரை இருக்கும். போரில் இறந்துபோன படைவீரர்களை இந்த நாடு நினைக்கிற நாள் அது.

வழக்கமாக நான் உண்டியலில் சில்லறையைப் போட்டுவிட்டு, தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்துக்கொண்டு, கொடுப்பவரின் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிடுவேன். நின்று நாலு வார்த்தை கதைக்க எனக்குக் கூச்சம். ஊரிலும் அப்படித்தான் இருந்தேன். கனடா அதை மாற்றவில்லை.

இந்த முறை, நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள சுப்பர் மார்க்கெட் வாசலில் பூத்தட்டோடு நின்றது என் மகள்.

டிலானிக்குப் பதினேழு வயது. கடெற் என்கிற மாணவர் படையின் சீருடை, தொப்பி, மினுக்கிய சப்பாத்து, வலை போட்டு இறுக்கிக் கட்டிய கொண்டை. அவளுக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரையில் பதக்கங்கள் அணிந்த ஒரு கிழவர். நான் ஒரு கையில் வெங்காயப் பையும் மற்றக் கையில் பாலுமாக வெளியே வந்தேன். தெரியாத ஆள் மாதிரிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்த வாரம் எனக்கும் அவளுக்கும் சரியான கதை பேச்சு இல்லை.

"அம்மா, இஞ்சை வாங்கோ."

"வேண்டாம் பிள்ளை. என்னட்டை ஒண்டு இருக்கு."

"எங்கை?"

"வீட்டிலை. போன வருசத்துப் பூ."

"போன வருசத்துப் பூவோ! குனியாதேங்கோ அம்மா, நிமிர்ந்து நில்லுங்கோ. குத்தப்போறன்."

கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்கள் மகளா? அருமையான பிள்ளை. அடுத்த வருடம் இவள் உண்மையான சீருடையில் நிற்பாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஊசி கோட்டைத் தாண்டி என்னைக் குத்தியது. "ஆ" என்றேன். மகள் "சொறி அம்மா" என்றாள். ஊசிக்காக மட்டும் நான் சத்தம் போடவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அந்த உண்மையான சீருடைக்குத்தான் அவள் என்னிடம் கையெழுத்துக் கேட்டிருந்தாள். நான் இன்னும் வைக்கவில்லை.

2

கடெற்றில் அவளைச் சேர்த்தது நாங்கள்தான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வகுப்பு, சீருடை சும்மா தருவார்கள், கோடையில் முகாம். என் கணவருக்கும் எனக்கும் பெரிய சந்தோசம். யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில் கடெற் பிள்ளைகளுக்கு எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். விளையாட்டுப் போட்டியன்று பாண்ட் வாத்தியத்தோடு முன்னுக்குப் போகிறவர்கள் அவர்கள். அவர்களில் பலர் பிறகு வங்கிக்குப் போனார்கள், அரசாங்கக் கச்சேரி வேலைக்குப் போனார்கள், ஆசிரியர் ஆனார்கள். கடெற்றுக்கும் ஒரு நாட்டின் படைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. இங்கே எங்கள் ஆட்கள் பலர் இப்படித்தான் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார்கள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து நிற்கும்போது ஒரு அக்கா என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "என்ரை பெடியனுக்குக் கடெற்றாலை கூனல் எல்லாம் நிமிர்ந்திட்டுது."

ஒவ்வொரு வெள்ளியும் சீருடையை அழுத்திக் கொடுத்தது நான். காற்சட்டை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். அவளுடைய அதிகாரி ஒருமுறை யார் அழுத்தியது என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் சந்தோசமாக இருந்தேன்.

வீட்டில் அவளுடைய பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சிநேகிதிகளோடு பிரெஞ்சு, கடெற்றில் ஆங்கிலம். எங்களோடு தமிழ் வருவது பசிக்கும்போதும் கோபம் வரும்போதும்தான். ஆகவே ஒக்ரோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, புட்டுச் சாப்பிடுகிற நேரத்தில் அவள் தானாகத் தமிழில் தொடங்கியபோது நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அம்மா, அப்பா, நான் ரிசேர்விலை சேரப்போறன்."

"அது எந்த இடத்துக் கடை?" என்றார் என் கணவர். அவள் பகுதிநேர வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

"கடை இல்லை அப்பா. ஆமி. படிச்சுக்கொண்டே செய்யலாம். சனி ஞாயிறும் கோடையும்தான்."

ஆமி. ஊரில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் நாய் குரைக்கும், விளக்கை அணைப்போம், பெடியங்களைப் பின் வேலியால் அனுப்புவோம். இருபது வருடமாக மொன்றியலில் இருந்தும் எங்கள் உடம்புக்கு வேறு அர்த்தம் தெரியாது. அவர் புட்டுக் குழைத்த கையைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஆமிக்குப் பயந்துதானேடி நாங்கள் இஞ்சை ஓடி வந்தது?"

"அது வேறை ஆமி அப்பா."

"எல்லா ஆமியும் ஒண்டுதான். சப்பாத்துத்தான் வேறை."

"எனக்குப் பதினெட்டு ஆகேல்லை. உங்களிலை ஒரு ஆள் கையெழுத்து வைச்சாக் காணும்."

"நான் வைக்க மாட்டன். அம்மாட்டைக் கேள்" என்று எழும்பிக் கை கழுவப் போனார். இவர் எப்போதும் இப்படித்தான். மாட்டேன் என்று சொல்வது அவருடைய வேலை. அதற்குப் பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்னுடைய வேலை.

அந்த வருடம் கியூபெக்கிலிருந்தும் நிறையப் பிள்ளைகள் ஆப்கானிஸ்தானுக்குப் போயிருந்தார்கள். கொடி போர்த்திய பெட்டிகள் விமானத்திலிருந்து இறங்குவதைத் தொலைக்காட்சியில் காட்டினால் நான் சனலை மாற்றிவிடுவேன்.

"உன்னை அங்கை அனுப்புவினமோ?" என்று கேட்டேன்.

"நானா விரும்பிக் கேட்டாத்தான் அனுப்புவினம்."

"நீ கேப்பியோ?"

அவள் மிச்சப் புட்டை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பொய் சொல்ல வராது.

3

புவாண்ட்-கிளேரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். மரக்கறி வெட்டுவது, சூப் வண்டி தள்ளுவது, பாத்திரம் கழுவுவது. அங்கே என்னுடைய முதல் நவம்பரில் நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகும்.

அன்று காலை சாப்பாட்டு மண்டபத்தை எட்டிப் பார்த்தேன். எல்லாக் கிழவர்களும் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு மேசையில் பழைய படங்கள், பக்கத்தில் மெழுகுதிரி. இரண்டு அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வந்து எங்கள் சமையல்காரி லூசியிடம், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "யார் செத்தது?" என்று கேட்டேன். லூசி கரட் வெட்டுவதை நிறுத்தாமல் சொன்னாள்: "நிறையப் பேர்."

ஏதோ பெரிய விபத்து என்று நினைத்துவிட்டேன். ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் ஒரு நெட்டைக் கிழவர், செத்தவீட்டு வாசலில் வீட்டு ஆம்பிளை நிற்கிறது மாதிரியே நின்றார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. நான் அவருடைய இரண்டு கைகளையும் என் இரண்டு கைகளாலும் பிடித்து, தலையைக் குனிந்து, ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய் ஒரு ஓரத்தில் இருந்தேன். பிறகு ஒலிபெருக்கியில் பேசினார்கள். எப்போதோ முடிந்த போர்களைப் பற்றிப் பேசினார்கள். மெல்ல எழும்பி வந்து, மரக்கறி வைக்கிற குளிர் அறைக்குள் போய் நின்றுகொண்டேன். லூசி வந்து கதவைத் திறந்து, "அங்கே நின்றால் நீயும் சாவாய், வெளியே வா" என்றாள்.

மறுநாள் அந்தக் கிழவர் கைத்தடியோடு சமையலறை யன்னலுக்கு வந்தார். பெயர் மிஸ்டர் டோசன். "நேற்று என் கையைப் பிடித்த பெண்மணி எங்கே?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க நான் ஆங்கிலச் சொற்களைத் தேடிக்கொண்டிருக்க, அவர் சொன்னார்: "என் தம்பி இரண்டாம் உலகப் போரில் ஹொலண்டில் செத்தான். ஒவ்வொரு வருடமும் ஆட்கள் வந்து எனக்கு நன்றி சொல்கிறார்கள். அவன் செத்ததற்குத் துக்கம் கேட்டு வந்தது நீங்கள் ஒருவர்தான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரும் அவர் அந்த வாசலில் நின்று எனக்காக இரண்டு கைகளையும் நீட்டுவார். நானும் போய்ப் பிடிப்பேன். அந்த மனிதரோடு மட்டும்தான் எனக்குக் கூச்சம் போனது.

இந்த நாளின் கதையை எனக்குச் சொன்னதும் அவர்தான். முதலாம் உலகப் போர் முடிந்தது ஒரு நவம்பர் பதினோராம் திகதி, காலை பதினொரு மணிக்கு. அதனால்தான் இன்றும் அதே மணிக்கு நாடு முழுக்க இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கிறார்கள். சண்டை நடந்து குழம்பிப்போன வயல்களில், புதைத்த இடங்களுக்கு மேலே, முதலில் முளைத்தது இந்தச் சிவப்புப் பூவாம். தொடக்கத்தில் கனடாவில் அறுவடைக்கு நன்றி சொல்லும் நாளையும் இதையும் ஒன்றாகவே வைத்தார்களாம். ஒரே நாளில் வான்கோழியும் சாப்பிட்டுக்கொண்டு துக்கமும் காப்பது எப்படி என்று பழைய படைவீரர்கள் கேட்டுக் கேட்டு, பிறகுதான் இது தனி நாளானது.

லூசி பொப்பி குத்துவதில்லை. சமையலறையில் ஒருவரும் குத்தக்கூடாது, ஊசி சூப்புக்குள் விழுந்துவிடும் என்பது சட்டம். ஆனால் அவள் கோட்டிலும் குத்தமாட்டாள். படைக்குக் கட்டாயமாக ஆள் பிடித்த காலத்தில் அவளுடைய தாத்தா காட்டுக்குள் ஒளிந்திருந்தவராம். ஆங்கிலேயருடைய சண்டைக்கு நாங்கள் ஏன் போகவேண்டும் என்று பிரெஞ்சுக்காரர் பலர் அப்போது போகவில்லை. அந்தக் கோபம் இங்கே இன்னும் முழுதாக ஆறவில்லை. பின் வேலியால் பெடியங்களை அனுப்பிய எனக்கு லூசியின் தாத்தாவை நன்றாக விளங்கியது.

"லூசியின் தாத்தா மட்டும் வந்திருந்தால் போர் ஒரு வருடம் முன்னமே முடிந்திருக்கும்" என்று மிஸ்டர் டோசன் யன்னலில் நின்று சீண்டுவார்.

"வந்திருந்தால் நான் பிறந்திருக்க மாட்டேன். உனக்கு இன்றைக்குச் சூப்பும் இல்லை" என்பாள் லூசி.

4

பொப்பியை நான் கனடாவில்தான் முதலில் கண்டேன் என்று கன காலம் நினைத்திருந்தேன். இல்லை. எங்கள் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் நான் சின்ன வகுப்புப் படிக்கும்போது ஒரு சிஸ்டர் கடதாசிப் பொப்பிகளைப் பெட்டியில் கொண்டுவந்து விற்பார். எதற்கு என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சட்டையில் குத்தினால் வெள்ளைச் சீருடையில் வடிவாக இருக்கும். மழை நனைந்தால் சாயம் இறங்கிச் சட்டை கெட்டுவிடும், அம்மா ஏசுவா. எங்களுக்கு அவ்வளவுதான்.

எங்களுக்கு நவம்பர் என்றால் ஆத்துமாக்களின் மாதம். இரண்டாம் திகதி பின்னேரம் சேமக்காலைக்குப் போவோம். கத்தோலிக்க மயானத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அப்பாவின் கல்லறையில் புல் செருக்கி, வெள்ளை அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவோம். இருட்டுகிற நேரத்தில் முழுச் சேமக்காலையும் வெளிச்சமாக இருக்கும். சனங்கள் அழுதுகொண்டும் இருப்பார்கள், கல்யாணம் பேசிக்கொண்டும் இருப்பார்கள்.

அடுத்த நாள் விடிய என் தம்பி றெஜி ஒரு பழைய பால்மா ரின்னோடு போய், கல்லறைகளில் வடிந்து காய்ந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டு வருவான். அதை உருட்டிப் பந்தாக்கி, கரம் பலகைக்குத் தேய்ப்பான், பட்ட நூலுக்குத் தேய்ப்பான், சைக்கிள் சங்கிலிக்கும் தேய்ப்பான்.

"செத்த ஆக்களின்ரை மெழுகைத் தொடாதையடா" என்று அம்மா கத்துவா.

"அவைக்கு இனி என்னத்துக்கணை மெழுகு? அவை கரம் விளையாடுறேல்லையே?"

அம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துவா. வீட்டில் அவனைப் போல அம்மாவைச் சிரிக்கவைக்க ஒருவராலும் முடியாது. என்னைவிட ஆறு வயது குறைவு. நான் வாய் திறக்காதபடியால் எனக்கும் சேர்த்து அவன்தான் கதைப்பான். கடைக்குப் போனால் எனக்குத் தேவையானதை அவனே கேட்டு வாங்குவான். "அக்காவுக்கு நாக்கு இருக்கு, மழைக்கு நனைஞ்சிடும் எண்டு வெளியிலை எடுக்கிறேல்லை" என்று கடைக்காரருக்குச் சொல்வான்.

பதினேழு வயதில் ஒருநாள் காலை ரியூசனுக்குப் போறன் என்று போனான். மத்தியானம் வரவில்லை. அம்மா அவனுடைய சோற்றை மூடி வைத்தா. பின்னேரம் ஒரு பெடியன் வந்து, சைக்கிள் கோவில் மதிலடியில் நிற்கிறது, றெஜி எடுத்துக்கொண்டு வரச் சொன்னவர் என்றான். அப்போதுதான் அவன் ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது. அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு இப்படித்தான். ஒருவரும் சொல்லிவிட்டுப் போவதில்லை.

நான் கல்யாணம் முடித்து இங்கே வந்த அடுத்த வருடம் செய்தி வந்தது. அவனுடைய உடம்பு வரவில்லை. சேமக்காலையில் அவனுக்கென்று கல்லறை இல்லாததால், அம்மா உயிரோடு இருந்தவரை நடுவில் நிற்கிற பெரிய சிலுவையடியில் மெழுகுதிரி வைத்தா. இங்கே நவம்பர் கடைசியில் எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்து, இயக்கத்தில் செத்தவர்களின் படங்களை வரிசையாக வைத்து விளக்கேற்றுவார்கள். அவனுடைய படமும் இருக்கும். நான் பின்வரிசையில் நின்று பார்த்துவிட்டு வருவேன். அந்தப் படத்தில் அவன் சிரிக்கவில்லை. அது அவனுடைய முகம் மாதிரியே இல்லை.

5

பதினோராம் திகதி இந்த முறை ஞாயிற்றுக்கிழமை. அதனால் எங்கள் முதியோர் இல்லத்தில் வெள்ளிக்கிழமையே நிகழ்ச்சியை வைத்துவிட்டார்கள். மிஸ்டர் டோசனால் இப்போது நிற்க முடியாது. சக்கர நாற்காலியை வாசலில் நிறுத்தச் சொல்லி அதிலிருந்து கைகளை நீட்டினார். பிடித்தேன். விடுவதற்கு முன் கேட்டுவிட்டேன்.

"நீங்கள் போகும்போது உங்கள் அம்மா கையெழுத்து வைத்தாவா?"

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். மகளைப் பற்றி நான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"எனக்கு வயது வந்துவிட்டது, தேவைப்படவில்லை. தம்பிக்கு வயது காணாது. பொய் வயது சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் வந்தான். அம்மாவுக்குத் தெரியாது."

"தெரிந்திருந்தால் மறித்திருப்பாவா?"

"கட்டாயம். வாசலில் குறுக்கே படுத்திருப்பாள்." அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "ஆனால் கடைசிவரை அவள் என்னிடம் கேட்டது அதைப் பற்றி இல்லை. அவன் எந்த ரயிலில் போனான் என்றுதான் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்போது இங்கிலாந்தில். தெரிந்திருந்தால் ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன் என்பாள். மறிக்க இல்லை, பார்க்க."

"நான் இப்போது கையெழுத்து வைக்கவா, விடவா?"

"அதை என்னிடம் கேட்காதீர்கள்" என்று தன் பதக்கங்களைத் தொட்டுக் காட்டினார். "இதைப் போட்டுக்கொண்டு நான் எதைச் சொன்னாலும் பிழையாகத்தான் இருக்கும்."

சூப் ஆறுகிறது என்று லூசி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். போனேன்.

6

ஞாயிறு காலை ஈரப் பனி தூறியது. பூங்காவில் உள்ள நினைவுத்தூணின் நாலு மூலைக்கும் நாலு கடெற் பிள்ளைகள். தெருப் பக்க மூலையில் டிலானி. சுடாத பயிற்சித் துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி, அதன் மேலே இரண்டு கைகளையும் வைத்து, தலையைக் குனிந்தபடி நின்றாள். அப்படி நிற்கிறவர்கள் அசையக்கூடாது. என் கணவரும் வந்திருந்தார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னமே போய்க் காருக்குள் இருந்தவர் அவர்தான்.

ஊதுகுழல் ஊதினார்கள். பதினொரு மணி. எல்லாரும் அமைதியானார்கள். தூரத்தில் பஸ் ஒன்று நின்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு நிமிடத்தில் நான் கனடாவின் வீரர்களை நினைக்கவில்லை. முதலில் றெஜியை நினைத்தேன். பிறகு அதுவும் போய்விட்டது. டிலானிக்குக் குளிரில் மூக்கு வடியத் தொடங்கியிருந்தது. அவள் துடைக்கவில்லை. அது மேலுதட்டைத் தாண்டி இறங்கியது. என் சட்டைப்பையில் மூக்குத் துடைக்கிற கடதாசித் துண்டு இருந்தது. என் கை அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. என் கணவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"இஞ்சேரும், சும்மா நில்லும்" என்று மெல்லச் சொன்னார். "அவள் நிக்கிறாள்தானே."

ஓம், அவள் நின்றாள். இமைகூட ஆடவில்லை. விளையாட்டுக்காக இப்படி ஒருவரால் நிற்க முடியாது. அதை நான் பார்த்துவிட்டேன். பார்க்காமல் வீட்டில் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

எல்லாம் முடிந்து, சனங்கள் தங்கள் கோட்டுப் பூக்களைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டுக் கலையத் தொடங்கினார்கள். என் கணவர் காரைக் கொண்டுவரப் போனார். டிலானி என்னிடம் வந்தாள். கடதாசித் துண்டை நீட்டினேன். துடைத்தாள்.

"பிள்ளை, நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

அவள் முகம் சிவந்தது. "ஏன்? அப்பா சொன்னவரோ?"

"அப்பா ஒண்டும் சொல்லேல்லை. என்ரை கையாலை உன்னை எழுதிக் குடுக்க எனக்கு ஏலாது. அவ்வளவுதான்."

"மார்ச்சிலை எனக்குப் பதினெட்டு. அப்ப உங்கடை கையெழுத்து தேவையில்லை, தெரியுமோ?"

"தெரியும்."

"அப்பவும் மறிப்பியளோ?"

"மறிக்க மாட்டன். சண்டை பிடிப்பன், அழுவன், ஆனா மறிக்க மாட்டன். நீ எனக்குச் சொல்லிப்போட்டுப் போ. அது காணும்."

அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"றெஜி மாமா சொல்லேல்லையோ?"

"இல்லை."

"அம்மம்மா என்ன செய்தவ?"

"சோத்தை மூடி வைச்சவ."

கார் வந்து நின்றது. அவள் முன்னுக்கு ஏறாமல் என்னோடு பின்னுக்கு ஏறினாள்.

7

பனிக்காலம் முழுக்க அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை. பரீட்சை வந்தது, நத்தார்ப் பெருநாள் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் சீருடையை அழுத்தினேன். ஒருவேளை மறந்திருப்பாள் என்று என் கணவரும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இரண்டு பேரும் நம்பவில்லை.

மார்ச்சில், பிறந்தநாள் கேக் முடிந்து இரண்டொரு நாளில், காலையில் நான் பருப்புக்கு உலை வைத்துக்கொண்டிருக்க, அவள் வெளிக்கிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றாள். கொண்டை இறுக்கிக் கட்டியிருந்தது.

"அம்மா, இண்டைக்குப் போறன். சொல்லச் சொன்னனீங்கள்."

சண்டை பிடிப்பேன் என்று சொல்லியிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு என் கோட்டை எடுத்தேன்.

"எங்கை வாறியள்?"

"உன்னோடை."

"ஐயோ அம்மா! அங்கை ஒருத்தரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறேல்லை."

"நான் தூரமா வாறன். நீ தெரியாத ஆள் மாதிரி நட."

மெத்ரோவில் அவள் ஒரு இருக்கை தள்ளித்தான் இருந்தாள். ஆனால் இறங்க வேண்டிய இடம் வந்தபோது திரும்பிப் பார்த்து, நான் எழும்பும்வரை கதவடியில் நின்றாள்.

படையில் சேர்க்கிற அந்த அலுவலகத்தில் ஒரு தாடி மழித்த இளம் பெடியன் மேசையில் இருந்தான். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பிரெஞ்சில், "இரண்டு பேருமா சேர வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். பகிடியா, உண்மையா, தெரியவில்லை. டிலானி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் தாய்" என்றேன்.

அவன் எழும்பினான். உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்து சுவரோரமாக எனக்கு வைத்தான். பிறகு டிலானியின் பெயரைக் கேட்டு எழுதினான். எங்கள் நீளமான பெயரை எழுத்து எழுத்தாக அவள் சொல்ல, இரண்டு தரம் பிழைவிட்டு மூன்றாம் தரம் சரியாக எழுதினான். கதவைத் திறந்து அவளை உள்ளே அனுப்பினான். அவள் போகும்போது என்னைப் பார்க்கவில்லை. முதுகு நேராக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் என்னிடம் வந்தான். பரீட்சை இருக்கிறது, பிறகு கேள்வி கேட்பார்கள், கன நேரம் எடுக்கும் என்றான். கீழே கோப்பிக் கடை இருக்கிறது, இல்லாவிட்டால் நீங்கள் வீட்டுக்கே போகலாம் மடாம், முடிந்ததும் அவள் தானாக வருவாள் என்றான்.

எனக்குத் தெரிந்த சமையலறைப் பிரெஞ்சில், இல்லை, நான் இருக்கிறேன் என்றேன்.